பவர் பட்டனிலிருந்து கையை எடுங்கள்



"சார், லினக்ஸ் ஹேங் ஆயிடுச்சு, பவர் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிட்டேன். விண்டோஸே போட்டுக்கச் சொல்றார் கடைக்காரர்." நம் குழுவில் வாரம் ஒருவர் இப்படிப் போடுகிறீர்கள். கடைக்காரருக்கு அதில் வரும்படி. உங்களுக்கு என்ன லாபம்?

திரை நின்றால் கணினியே நின்றது என்று யார் சொன்னது? லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டுவது தனி நிரல். பழைய எக்ஸ் சர்வர் 1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்தது, இப்போது வேலேண்ட் வந்திருக்கிறது. அது படுத்துக்கொண்டாலும் அடியில் டேட்டாபேஸும் பிரின்ட் வேலையும் ஓடிக்கொண்டிருக்கலாம். பட்டனை அமுக்கினால் அத்தனைக்கும் கழுத்து நெரிபடும். வட்டில் எழுதப்படாமல் நினைவகத்தில் நிற்பதும் போச்சு. எக்ஸ்ட்4-இன் ஜர்னல் கோப்பமைப்பைக் காப்பாற்றும். எழுதப்படாத உங்கள் கணக்கை எப்படிக் காப்பாற்றும்?

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். பாஸ்வேர்டு தட்டும்போது ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள். 'டாப்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் எது சிபியுவைத் தின்கிறது என்று தெரியும். பெரும்பாலும் பிரவுசர்தான். அதை மட்டும் 'கில்' செய்துவிட்டு கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 (சிலவற்றில் எஃப்1 அல்லது எஃப்7) அழுத்தித் திரும்புங்கள். மற்ற ஜன்னல்கள் அப்படியே இருக்கும். அதற்கும் அசையாவிட்டால்தான் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டிஸ்ப்ளே-மேனேஜர்'. இது திறந்திருக்கும் ஜன்னல்களை எல்லாம் மூடிவிடும், சேமிக்காதது போய்விடும். இதைச் சொல்லாமல் அந்தக் கட்டளையை மந்திரம் போலப் பரப்புகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது.

லினக்ஸ்காரர்கள் மேலும் கோபம் உண்டு. கன்ட்ரோல்-ஆல்ட்-பேக்ஸ்பேஸ் என்று மூன்று விசையில் முடிந்த வேலை இது. 2009-இல் வந்த உபுண்டு 9.04 அதை முடக்கி வைத்தது. தெரியாமல் அழுத்திவிடுவார்களாம். சரி, நியாயம்தான். ஆனால் பதிலுக்குச் சாதாரண மனிதனுக்கு என்ன கொடுத்தார்கள்? எக்ஸில் ஆல்ட்-எஃப்2 அழுத்தி 'ஆர்' தட்டினால், திறந்தவை திறந்தபடியே இருக்க, க்னோம் ஷெல் மட்டும் புதிதாகத் தொடங்கும். வேலேண்டில் அந்த ஷெல்லேதான் டிஸ்ப்ளே சர்வர். அந்த வழியும் அடைந்தது.

விசைப்பலகையே செத்துவிட்டால் வீட்டிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியே நுழையலாம். அதை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். மாலை 6 மணிக்கு மேல் போனும் எடுப்பேன்.