இரத்தம் பயணம் செய்யட்டும். நோயாளி ஏன் அலைய வேண்டும்?

திருமலைத் துறைமுகத்தின் 99 எண்ணெய்த் தாங்கிகளையும் பங்கிட்டு 2022 ஜனவரியில் ஒப்பந்தம் எழுத ஆள்வோருக்கு நேரமிருந்தது. அத்துறைமுகத்தில் சுமை தூக்குபவனின் இரத்தம் பற்றிப் பேசவும் சற்று நேரம் ஒதுக்குமாறு கேட்கிறோம்.

நாட்பட்ட நிணநீர்க்குழிய இரத்தப் புற்றுநோய் ஓசையின்றி முதுமையில் வருவது. வேறெதற்கோ செய்த பரிசோதனையில் தற்செயலாய் அகப்படுவது. சிலர் மருந்தே வேண்டாமற் பல்லாண்டு வாழ்வர். சிலருக்கோ விரைவில் முற்றிவிடும். எவருக்கு எது என்பதைக் குழியத்தின் மேலுள்ள சி.டி. 38, உள்ளிருக்கும் சாப்-70, இரத்தத்திற் கலந்த பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் ஆகிய புரதங்கள் ஓரளவு உரைக்கும். அவை சாட்சிகளே, தீர்ப்பல்ல. குறுக்கு விசாரணையின்றிச் சாட்சியத்தை ஏற்கும் மன்று எங்குளது? சிறுநீரகம் பழுதுற்றாலும் பீட்டா-2 உயரும். நம் மாவட்டத்துப் பதவிசிறிபுரவிலோ காரணமறியாச் சிறுநீரக நோய் உழவரை வாட்டுகிறது. அவ்வுழவனிடம் அந்த இலக்கத்தை மட்டுங் காட்டி, "உமக்கு நாள் குறைவு" என்பது அநீதியன்றோ!

தலையாய சாட்சி வேறு. 17ஆம் நிறமூர்த்தத்தின் துண்டொன்று இழக்கப்பட்டதா, டி.பி. 53 மரபணு கெட்டதா என்னும் சோதனையே அது. கெட்டிருப்பின் குளோரம்புசில், ஃபுளூடரபின் போன்ற பழைய மருந்துகள் பெரும்பாலும் பலியா. இப்ரூட்டினிப் போன்ற புதிய மாத்திரைகளே கைகொடுக்கும். (அவற்றின் விலை தனிக்கதை, பிறிதொரு நாள் பேசுவோம்.) மருந்து தொடங்குமுன் இச்சோதனை வேண்டுமென்று 2018இல் வெளிவந்த சர்வதேச நெறிமுறை கூறுகிறது. தொல்லை தராத ஆரம்ப நோயில், அடையாளத்தை மட்டுங் கண்டு மருந்தூட்டலாகாது என்பதும் அதன் முடிபு. அச்சத்தை மூலதனமாக்கிச் சோதனை விற்போர் இதனைக் கவனிப்பாராக.

எடுத்த இரத்தம் முறையாகப் பேணினால் ஓரிரு நாள் தாங்கும். அவ்வாறாயின் மூதூர் முதியவர் 250 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் மகரகம வரை அலைவதேன்? திருமலை வைத்தியசாலையிலேயே இரத்தம் எடுக்கப்படட்டும். குப்பி பயணம் செய்யட்டும். செலவை அரசு ஏற்கட்டும். பதிலும் தமிழில் வரட்டும். தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையும், கிழக்கிற் பொதுப் பதிவேடுகள் தமிழில் இருத்தல் வேண்டுமென்று 22ஆம் உறுப்புரையும் சொல்கின்றன. தன் உடலைப் பற்றிய தாளைப் படிக்க ஒருவன் அயல்வீட்டு மாணவனைத் தேடுவது எந்தச் சட்டத்திற்கு உடன்பாடு?

நாம் புதிய மாளிகை கேட்கவில்லை. ஒரு குப்பி, ஒரு வண்டி, ஒரு தமிழ்த் தாள். எந்தத் திகதியில் இவை தொடங்கும் என்பதைச் சுகாதார அமைச்சு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.