ஹாம் ரேடியோ வாங்கப் போறீங்களா? முதல் செலவு செட்டுக்கு இல்லை!

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சையோடு புதுக்கோட்டை மாவட்டமும் நிலைகுலைந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தோப்பு தோப்பாகத் தென்னைகள் சாய்ந்தன. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. கரன்ட் போனது, பின்னாலேயே செல்போன் டவர்களும் அடங்கின. ‘வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?’ என்ற ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் வெளியூரில் இருந்தவர்கள் தவித்தார்கள்.

இப்படி ஒரு நாளை மனதில் வைத்துத்தான் பலர் ஹாம் ரேடியோ பக்கம் வருகிறார்கள். டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் பேசலாம். நல்ல யோசனைதான். ஆனால், வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, ஆன்லைனில் இரண்டு, மூன்றாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் வாக்கி-டாக்கியை ஆர்டர் போடுவது. பட்ஜெட் அடிவாங்குவது அங்கேதான்.

லைசென்ஸ்தான் முதலில்

இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் ஹாம் செட்டை வைத்திருப்பதே சட்டப்படி தவறு. மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் பாஸ் ஆக வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். ரேடியோ அடிப்படை, விதிமுறைகள் என இரண்டு பகுதிகள். ‘ரெஸ்ட்ரிக்டட்’ நிலைக்கு மோர்ஸ் கோட் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. லைசென்ஸ் கட்டணமாகப் பல ஆண்டுகளாக இருந்துவந்தது 20 ஆண்டுகளுக்கு 1,000 ரூபாய், ஆயுளுக்கு 2,000 ரூபாய். மலிவான செட்டின் விலையைவிடக் குறைவு!

விற்பனையிலும் கெடுபிடி வந்துவிட்டது. உரிம விவரம், அலைவரிசைத் தகவல் இல்லாமல் வாக்கி-டாக்கி விற்றதாக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் ஆன்லைன் தளங்களுக்கு 13 நோட்டீஸ்கள் அனுப்பியது. ‘கார்ட்டில் சேர்க்க முடிகிறது, அப்போ சட்டப்படி சரிதானே’ என்று நினைத்துவிடக் கூடாது.

கையடக்க செட் எவ்வளவு தூரம் போகும்?

பட்ஜெட் செட் என்றாலே எல்லோரும் சொல்லும் பெயர் பாஃபெங் யுவி-5ஆர். சுமார் 5 வாட் சக்தி. விஹெச்எஃப், யுஹெச்எஃப் என இரண்டு பேண்ட். கருவி மோசமில்லை. எதிர்பார்ப்பில்தான் சிக்கல்.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். தரையில் நிற்கும் இருவர், இடையில் வீடும் மரமும் இருந்தால், சில கிலோமீட்டர் பேசினாலே பெரிது. புதுக்கோட்டையிலிருந்து கோட்டைப்பட்டினம் நேர்கோட்டில் சுமார் 60 கி.மீ. கையில் பிடித்த செட் அவ்வளவு தூரம் எட்டாது. மலை உச்சியிலோ உயரமான கட்டடத்திலோ இருக்கும் ‘ரிப்பீட்டர்’ நம் குரலை வாங்கி மறுபடி அனுப்பினால்தான் சாத்தியம். எனவே விலையைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் ஊரிலிருந்து எட்டும் ரிப்பீட்டர் இருக்கா? புயலில் அதுக்கு பேட்டரி பேக்கப் இருக்கா?

இன்னொரு எச்சரிக்கை. இந்தியாவில் ஹாம்களுக்கான விஹெச்எஃப் பகுதி 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும். ஆனால், இந்த செட் 174 வரை ஒலிபரப்பும். இடையில் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருப்பது கடல்சார் சேனல் 16. கடலில் ஆபத்து என்றால் உதவி கேட்கும் அலைவரிசை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மாதிரி மீன்பிடித் தளங்கள் உள்ள மாவட்டத்தில், விளையாட்டாகப் பட்டனை அமுக்குவது ஒருவரின் உயிரோடு விளையாடுவது.

அப்போ எதை வாங்கலாம்?

பொழுதுபோக்கும் உள்ளூர் நண்பர்களும் போதும் என்றால், லைசென்ஸ் வாங்கியபின் கையடக்க செட்டே போதும். மிச்சப் பணத்தை வெளியே வைக்கும் ஆன்டெனாவிலும் நல்ல கேபிளிலும் போடுங்கள். மொட்டை மாடியில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா ஏறினால், தடை குறைவான இடத்தில் 15 கி.மீ.கூட எட்டலாம். செட்டை மாற்றுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவதுதான் லாபம்.

புயல் நாளுக்குத்தான் என்றால் தேவை ஹெச்எஃப். 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பகலில் அலைகள் வானில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கி.மீ. தள்ளி இறங்கும். டவரும் வேண்டாம், ரிப்பீட்டரும் வேண்டாம். சென்னை வரை பேச வாய்ப்புண்டு. ஆன்டெனாவுக்கு மொத்தம் சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி, நடுவில் கேபிள், அவ்வளவுதான். 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழு அந்தமானிலிருந்து தகவல்களை வெளியே அனுப்பியதும் ஹெச்எஃப் மூலம்தான்.

புது ஹெச்எஃப் செட்டுகளின் விலை பல பத்தாயிரங்கள் என்பது உண்மை. ஆனால், குறைந்த சக்தி செட்டுகளும் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ அதற்கு நல்ல உதாரணம். 2016-இல் வந்த பிட்எக்ஸ்40, 59 டாலருக்கு விற்கப்பட்டது. இத்தகைய செட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி போதும். லைசென்ஸ் உள்ள சீனியர் ஹாமிடம் பழைய செட்டைப் பார்த்து வாங்குவதும் ஒரு வழி.

அதுவரை கையில் இருக்கும் போனே போதும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர் தளத்தில் ஹாம் உரையாடல்களை இலவசமாகக் கேட்கலாம். ஒரு மாதம் கேட்டும் ஆர்வம் குறையவில்லை என்றால் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள்.

பெட்டிக்குள் சும்மா கிடக்கும் வாக்கி-டாக்கி அடுத்த புயலில் யாருக்கும் உதவாது. வாரம் ஒருமுறையாவது பேசிப் பழகிய ஒருவர், எதிர்முனையில் பதில் சொல்லத் தெரிந்த இன்னொருவர், இருவருக்கும் லைசென்ஸ். பட்ஜெட் போட வேண்டியது இந்தக் கூட்டணிக்குத்தான்.