பெயர் துறந்த ஐவர்

முதுபெரும் இசைஞர்கள் கூடி அமைக்கும் ராக் குழுக்களின்மேல் ரசிகர்கள் கொள்ளும் பற்றை வெறும் பழமை ஏக்கம் என ஒதுக்குவது ஆய்வுலகின் சோம்பல். டிராவலிங் வில்பரிஸ் குழுவிற்கு அவ்விளக்கம் பொருந்தாது. ஏங்குவதற்கு நேரில் கண்ட கச்சேரி நினைவு எவருக்கும் இல்லை; அக்குழு ஒருமுறைகூடச் சுற்றுப்பயணம் செய்ததில்லை.

1988இல் ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி, ஜெஃப் லின் ஆகியோர் டிலனின் கார் கொட்டகையில் கூடியது, ஹாரிசனின் இசைத்தட்டொன்றின் மறுபக்கத்தை நிரப்பவே. அவ்வாண்டே வந்த தொகுப்பில் ஐவரும் நெல்சன், லக்கி, லெஃப்டி, சார்லி, ஓட்டிஸ் என்ற கற்பனைச் சகோதரர்கள். பெயரே விலைபோகும் சந்தையில் பெயரைத் துறந்தனர். ரசிகர் நேசித்தது அந்தச் சமநிலையை: ஆர்பிசனும் அவரினும் 14 ஆண்டு இளையவரான பெட்டியும் ஒரே பாடலைப் பகிர்ந்துகொண்டனர். (இரண்டாம் தொகுப்பிற்கு ‘மூன்றாம் தொகுதி’ எனப் பெயரிட்ட குறும்பும் இதில் சேரும்.)

அந்த டிசம்பரில் ஆர்பிசன் மறைந்தார். ‘எண்ட் ஆஃப் தி லைன்’ காணொளியில் அவர் குரல் ஒலிக்கும்போது, ஆடும் நாற்காலியில் கிதார் மட்டும் இருக்கிறது. அவ்விடத்திற்கு வேறொருவர் அழைக்கப்படவில்லை.