கொடுங்கையும் சமையலறையும்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலின் கொடுங்கையைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். கூரை விளிம்பின் மரச்சட்டங்களையும் அவற்றை இறுக்கும் குமிழாணிகளையும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அக்காலச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுகையில் 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று குறிப்பார்களாம், செவிவழிச் செய்திதான். ஆனாலும், ஒரு வேலையின் தரம் அது முடியும் விளிம்பில் தெரியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

அந்த அறிவு நம் சமையலறைக்குள் நுழையவில்லை என்பதே என் ஆதங்கம். அரக்கோணம் ரயில் மார்க்கத்தில் திருநின்றவூரை அடுத்த வேப்பம்பட்டு போன்ற ஊர்களில் கடன்பட்டு வீடு கட்டுகிறவர்களுக்கு, சமையலறை அலமாரி என்பது கையிருப்பு கரைந்த பின் வரும் செலவு. புகைபோக்கிக்கு மேல் ஓர் உயரம், பாத்திரங்களுக்கு ஓர் உயரம், குளிர்பதனப் பெட்டிக்கு மேல் இன்னோர் உயரம். இவற்றின் தலைமீது ஓடும் பீடிங் சட்டம் எங்கே முடியும், எங்கே திரும்பும் என்று எவரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

இரண்டு அலமாரிகளும் ஒரே ஆழமாக இருந்தால், குட்டையானதன் சட்டம் நெட்டையானதன் முகப்பைத் தாண்டித் துருத்தும். அறுபட்ட முனை கண்ணை உறுத்தும். குட்டையானது 12 அங்குல ஆழம் என்றால் நெட்டையானதை 14 அல்லது 15 அங்குலமாகச் செய்யவேண்டும். அப்போது கீழ்ச்சட்டம் அதன் பக்கப் பலகையில் அமைதியாக முட்டி நின்றுவிடும். மேல்சட்டமோ மூலையில் 45 டிகிரி வெட்டில் இணைந்து திரும்பி, சுவர்வரை செல்லவேண்டும். பலகையை அறுக்கும் முன்பே இதைத் தீர்மானித்தாக வேண்டும்.

உயர வேறுபாட்டை மறைக்க முகப்பில் ஒரு பொய்ப்பலகையை அடித்துவிடுவது சிலருக்குச் சுலபமான வழி. அதன் பின்னே எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பான் பூச்சியும் குடியேறும். முக்காலி போட்டு ஏறினாலும் கை எட்டாது. அதைத் துடைக்கப் போராடுகிறவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். ஒன்று, கூரைவரை முழுதாக மூடுங்கள். அதற்குமுன் கூரையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள், அது ஒரே மட்டமாக இருப்பது அரிது. இல்லையெனில், துணி நுழையும்படி மேலே தாராளமாகத் திறந்து விடுங்கள்.

குறையைத் தச்சர் தலையில் கட்டுவது நியாயமன்று. சதுர அடிக்குக் கூலி பேசுகிறோம். மூலை வெட்டைப் பொருத்திப் பார்க்கும் பொழுதுக்குக் கூலி தருவதில்லை. முதல் நாளே விளிம்பைப் பற்றிப் பேசி, அதற்காகும் அரைநாள் கூலியையும் சேர்த்துக் கொடுப்பதே முறை.