சிறுநீரகத்தின் தலைப்பாகை

தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டதும் வீடு முழுவதும் கதிகலங்கிப் போன காலம் ஒன்று உண்டு. 2013-ஆம் வருஷத்தில் தந்தி விடைபெற்றுக்கொண்டது. நமது சரீரமோ அந்தக் கலக்கத்தை மறக்கவில்லை. நடுநிசியில் டெலிபோன் மணி அடித்தால் போதும். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நாக்கு உலர்கிறது. செய்தி நல்லதா கெட்டதா என்று தெரியுமுன்பே இவ்வளவும் நடந்துவிடுகிறது!

இந்த அமர்க்களத்தில் பெரும் பங்கு, சிறுநீரகங்களின் உச்சியில் தலைப்பாகை கட்டினாற்போல் அமர்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகளுடையது. ஒவ்வொன்றும் சுமார் ஐந்து கிராம் எடைதான். அவற்றின் உட்பகுதியில் ஊறுவது அட்ரினலின். அதைப் பிரித்தெடுத்து 1901-ல் உலகுக்கு அறிவித்தவர் தகாமினே என்னும் ஜப்பானியர். கல்லீரல் சேமித்து வைத்த மாச்சத்தை அது சர்க்கரையாக்கி ரத்தத்தில் கொட்டுகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தசைகளுக்கு வேண்டிய விறகு அது. நாமோ இக்காலத்தில் ஓடுவதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. மேலதிகாரியின் முன் கைகட்டி நிற்கிறோம். சர்க்கரை மட்டும் ஏறிவிடுகிறது. கவலை மிகுந்த நாளில் நீரிழிவுக்காரர்களின் கணக்குத் தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுரப்பியின் மேற்பட்டையில் ஊறும் கார்ட்டிஸால் நிதானஸ்தன். விடியற்காலையில் மிகுந்து நடுநிசியில் குறையும். நெருக்கடி நீடித்தால் தசையின் புரதத்தைக் கூடக் கரைத்துச் சர்க்கரைக்கு வழி செய்யும். ரத்த அழுத்தம் விழாமல் தாங்கும். இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அடிஸன் 1855-ல் அதை எழுதி வைத்தார். மேனி கறுத்து, மெலிந்து, சோர்ந்து மாண்டவர்களின் உடலில் இச்சுரப்பிகள் பழுதுபட்டிருக்கக் கண்டார். அத்தகையவர்களுக்கு, பிறர் கஷாயம் குடித்துத் தீர்த்துக்கொள்ளும் ஜுரமே எமனாகிவிடக்கூடும்.

நிற்க. சுரப்பி பழுதாகாமலே இந்த ஆபத்து வருவதுண்டு. 1948-ல் அமெரிக்காவில் டாக்டர் ஹெஞ்ச் என்பவர் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிஸோன் கொடுத்து அதிசயிக்கத்தக்க பலன் கண்டார். 1950-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அந்த இனத்து ஸ்டீராய்டு மாத்திரைகள் இன்று எத்தனையோ பேருக்கு உயிர்த்துணை. ஆனால் வெளியிலிருந்து தினமும் சம்பளம் வந்துகொண்டிருந்தால் வீட்டுப் பிள்ளை எதற்காக உழைப்பான்? வாரக்கணக்கில் மாத்திரை உட்கொள்பவரின் சுரப்பி படுத்து உறங்கிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அது உடனே எழுந்திருப்பதில்லை.

நமது நண்பர் ஒருவர் ஆஸ்துமாவுக்காகப் பல மாதம் இம்மாத்திரையைச் சாப்பிட்டார். முகம் பூசணிக்காய் போல் உப்பியது. பந்துக்கள் கேலி செய்தார்கள். யாரையும் கேளாமல் ஒருநாள் நிறுத்திவிட்டார். நாலாம் நாள் சாதாரண ஜுரம் கண்டது, ஓயாத வாந்தி, எழுந்து நின்றவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் உப்பு நீரும் ஹைட்ரோகார்ட்டிஸோன் ஊசியும் ஏற்றிய பிறகே ரத்த அழுத்தம் நிமிர்ந்தது. நாம் பார்க்கச் சென்றபோது, இட்டிலிக்குச் சட்டினி போதவில்லை என்று மனைவியிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தார். நடுவில் ஜுரம் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டை நண்பர் தமது பணப்பையில், குலதெய்வத்தின் படத்துக்கு முன்னால் செருகி வைத்திருக்கிறார்.