பொதி கொடுத்தோம், பட்டியல் எங்கே?



பொகவந்தலாவை உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள்.

2021 ஆகஸ்ட் 20 இரவு நாடு மறுபடியும் மூடப்பட்டது. விடிவதற்குள் எங்கள் வட்ஸ்அப் குழுமத்தில் கேள்வி வந்துவிட்டது: "சேர், இந்த முறையும் பொதி கொடுப்போமா?" அதற்குக் கீழே வந்த பதில்: "காசும் இல்லை, ஆளும் இல்லை. மிச்சக் காசைத் தெரிந்த ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் குழுமத்தைக் கலைப்போம்." அந்தப் பதிலுக்குப் பதினேழு பேர் விரல் உயர்த்தியிருக்கிறார்கள். இந்தப் பதிவு அந்தப் பதினேழு பேருக்கும்தான். அவர்களில் பாதிப் பேர் எங்கள் பழைய மாணவர்கள். அதனால் உரிமையோடு பேசுகிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

2020 மார்ச் 20 மாலை ஊரடங்குச் சட்டம் வந்தது. சில ஆசிரியர்கள், கடைத்தெருப் பிள்ளைகள், இரண்டு மூன்று ஆட்டோக்காரர்கள் என்று சேர்ந்து நாங்கள் வேலை தொடங்கினோம். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, டின் மீன், தேயிலைத் தூள் என்று பொதி கட்டினோம். ஆம், கொழுந்து பறிக்கிறவர்களுக்கே தேயிலைத் தூளும் வைத்துக் கட்டினோம். யாருக்கு என்ன தேவை என்று கேட்காமல் கட்டினால் அப்படித்தான் ஆகும். லொறியை ஒரு தோட்டத்து டிவிஷனுக்கு ஏற்றினோம். லயத்து வாசலில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தோம். அன்றிரவே பேஸ்புக்கில் போட்டோம். ஆயிரக்கணக்கில் லைக் வந்தது. வெளிநாட்டிலிருந்து "மாஷா அல்லாஹ்" வந்தது.

அந்தப் படத்தில் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு தாய், எங்கள் வகுப்புப் பிள்ளையின் தாய். பாடசாலை திறந்தபோது அந்தப் பிள்ளை ஒரு வாரம் வரவில்லை. பிறகு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தது. யாரோ ஒரு பையன் அந்தப் படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு "பிச்சைப் பொதி" என்று சொல்லியிருக்கிறான். அந்தப் படத்தை எடுத்தது வேறு யாரும் இல்லை, நாங்கள்தான். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று கேட்டு வளர்ந்த நாம், இடது கையில் கெமராவைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கொடுத்தோம்.

ஏன் எடுத்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்வோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டில் முஸ்லிம் என்றால் ஒரு பார்வை இருந்தது. கொரோனா வந்தபோது அதையும் நாம்தான் பரப்புகிறோம் என்று தொலைக்காட்சியிலேயே பேசினார்கள். நாம் நல்லவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. காட்டுவதற்கு அந்தத் தாயின் முகத்தை எடுத்துக்கொண்டோம். நமக்கு நடந்த அநியாயத்துக்கான விலையை நம்மைவிட எளியவர்களிடம் வாங்கினோம். அந்தப் படத்தை இப்போது நீக்கிவிட்டோம். பட்ட மனது பட்டதுதான்.

படத்தைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அதை நாங்கள் மட்டும் செய்யவில்லை, ஊரே செய்தது.

2020இல் முதல் ஊரடங்கில் தேயிலைத் தோட்டங்களை மூடவில்லை. அத்தியாவசியம் என்று சொல்லி வேலை நடந்தது. லயத்தில் செக்ரோலில் பெயர் உள்ளவர்களுக்கு, போதாத சம்பளம்தான் என்றாலும், பெயர் விழுந்தது. விழாமல் போனது யாருக்கு? கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நின்ற பிள்ளைகள் வெறுங்கையோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் எந்தச் செக்ரோலிலும் இல்லை. டவுனில் தையல்காரர், முடி வெட்டுபவர், ஆட்டோ ஓட்டுபவர், புடவைக்கடையில் நாட்சம்பளத்துக்கு நிற்கும் பெண் பிள்ளைகள், சேவைக்காலப் பணம் எல்லாம் கரைந்துபோன ஓய்வுபெற்ற முதியவர்கள் இருந்தார்கள். அவர்களையும் பொதி எட்டவில்லை. லொறி எங்கே திரும்ப இடம் உண்டோ அங்கே போனது. ரோட்டோர லயத்துக்கு நாலு அமைப்புகளின் பொதி. மேல் டிவிஷனுக்கு ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் மூன்று மூட்டை மா வண்டு பிடித்துக் கிடந்ததையும் பார்த்தோம், அதே கிழமை கேட்க வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஒரு சின்னக் கடைக்காரரின் வீட்டையும் பார்த்தோம்.

எல்லோரிடமும் மனது இருந்தது. காசும் ஓரளவு இருந்தது. யாரிடமும் பட்டியல் இல்லை.

பட்டியல் இல்லாமல் போனதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்க முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருடம் லயத்துக்குப் பாதை போடக்கூட அதிகாரமில்லாத சபையிடம் லயத்தின் கணக்கு எப்படி இருக்கும்? தோட்ட நிர்வாகத்திடம் இருப்பது தொழிலாளர் கணக்கு. மனிதர் கணக்கு அல்ல. அரசாங்கம் 5,000 ரூபா கொடுத்தபோது பெயர் விடுபட்டவர்கள் எத்தனை பேர் நம்மிடம் வந்து அழுதார்கள் என்பது உங்களுக்கே தெரியும். 2021 ஆகஸ்டில் 2,000 ரூபா. அதிலும் அதே அழுகை.

பட்டியலும் ஒழுங்கும் இல்லாத கொடை எங்கே போய் முடியும் என்பதைச் 2020 ரமழானின் கடைசி நாட்களில் நாடே பார்த்தது. 2020 மே 21, கொழும்பு மாளிகாவத்தை. தனிப்பட்ட முறையில் பணம் பங்கிட்ட இடத்தில் நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் இறந்தார்கள். கொடுக்க நினைத்த எண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஏழையை நம் வாசலுக்கு வரவழைத்துக் கொடுப்பது ஒரு பழக்கமாகிவிட்ட சமூகம், அந்த மூன்று மையித்துகளைப் பார்த்த பிறகாவது திருந்தியிருக்க வேண்டாமா? 2021 ரமழானிலும் நம் டவுனில் கடை வாசல்களில் வரிசை நின்றதே!

மாறிச் செய்த ஊர்கள் இருக்கின்றன. தூரமில்லை, கடலுக்கு அந்தப் பக்கம் கேரளா. 2020 மார்ச் கடைசியில் அங்கே உள்ளூராட்சி மன்றங்கள் வட்டாரம் வட்டாரமாகச் சமூக சமையலறை திறந்தன. குடும்பஸ்ரீ பெண்கள் சமைத்தார்கள், தொண்டர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குடும்பஸ்ரீ கொரோனாவுக்காக முளைத்தது அல்ல. 1998இலிருந்து அயலுக்கு அயல் கூடிப் பேசி வந்த பெண்கள் அவர்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நம்மிடமும் அப்படி ஒன்றும் இல்லாமல் இல்லை. லயத்தில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது, சீட்டுப் பிடிக்கும் அக்காமார் இருக்கிறார்கள், கோயில் கமிட்டி இருக்கிறது. நம்மிடம் ஜனாஸாச் சங்கம் இருக்கிறது. யார் வீட்டில் என்ன நிலை என்று இவர்களுக்குத் தெரியாதா? நாங்கள் கேட்கவில்லை. லொறியோடு போனவர்கள் லயத்து அக்காமாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறக்கிவிட்டு வந்தோம்.

இனி, குழுமத்தில் வந்த நியாயங்களுக்கு வருவோம்.

"காசு வருவதில்லை" என்கிறீர்கள். உண்மை. ஜும்ஆ இல்லையென்றால் உண்டியல் இல்லை. இரண்டு பெருநாள் வியாபாரமும் தீபாவளி வியாபாரமும் படுத்துவிட்டன. சென்ற வருடம் அரிசி மூட்டை தந்த முதலாளி ஒருவர் இந்த வருடம் எங்களிடம் தனியாக வந்து, தன் கடைப் பையனின் பெயரில் ஒரு பொதி கேட்டார். அது யாருக்கென்று எங்களுக்குத் தெரியும். கொடுத்தவர் கேட்பவராகிற காலம் இது. காசு குறையக் குறையத்தான் பட்டியல் அவசியம். நூறு பொதி இருந்தால் பிழை செய்யலாம். பத்துப் பொதிதான் என்றால் பிழை செய்ய இடமில்லை.

"படம் போடாவிட்டால் வெளிநாட்டுக்காரர் நம்பமாட்டார்" என்கிறீர்கள். படம் கணக்கு ஆகாது. எத்தனை ரூபா வந்தது, எந்தக் கடையில் வாங்கினோம், எத்தனை வீட்டுக்குப் போனது, மிச்சம் எவ்வளவு என்று இரண்டு பேர் கையெழுத்திட்ட ஒரு தாள்தான் கணக்கு. அதைப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் விகாரையிலும் ஒட்டுவோம். சந்தேகப்படுகிறவர் வந்து கேட்கட்டும். ஒன்றரை வருடத்தில் இப்படி ஒரு தாளை நாங்களும் ஒட்டவில்லை. வேறு எந்த அமைப்பு ஒட்டியதையும் நாங்கள் பார்க்கவில்லை.

"நம் ஸகாத்தை மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஸகாத் வேறு, ஸதகா வேறு. இரண்டு கணக்காக வைத்தால் முடிந்தது. ஸகாத்தை உலமாக்கள் காட்டிய வழியில் பங்கிடுவோம். ஸதகாவுக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஸகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் அதைச் சேகரித்துப் பங்கிடும் பணியாளர்களும் ஒரு பிரிவினர். அதாவது, ஒழுங்காகக் கணக்குப் பார்க்கும் வேலைக்கும் செலவு உண்டு என்பதை மார்க்கமே ஏற்றுக்கொண்டது. பட்டியல் எழுத ஒரு பிள்ளைக்கு பஸ் காசும் டேட்டா காசும் கொடுப்பதை "வீண் செலவு" என்று சொல்லாதீர்கள்.

"நமக்கு யார் கொடுத்தார்கள்" என்றும் ஒரு குரல் கேட்டது. இந்தக் குரல்தான் எங்களுக்கு அதிகம் வலித்தது. நம் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தார்கள். இருபது நாள் குழந்தையையும் விடவில்லை. அப்போது கொழும்பில் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த தமிழ் மக்கள், தங்கள் கோரிக்கைகளோடு நம் ஜனாஸாவுக்காகவும் கேட்டார்கள், மலையகத்தின் ஆயிரம் ரூபாவுக்காகவும் கேட்டார்கள். 2021இல் நம் மையித்துகள் ஓட்டமாவடி மண்ணில் அடங்கின என்றால், அதில் நமக்குத் தெரியாத பலரின் குரலும் இருக்கிறது. "யார் கொடுத்தார்கள்" என்று கேட்கும் முன் அதை நினைத்துக்கொள்வோம்.

"இது அரசாங்கத்தின் வேலை" என்பது கடைசி நியாயம். நூற்றுக்கு நூறு சரி. நாமோ பொதியைக் கொடுத்து அரசாங்கத்தின் குறையை மூடிவிட்டோம். பட்டியல் இருந்தால் அதை நோர்வூட் பிரதேச சபைக்கும் கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்துக்கும் நீட்டி, "இத்தனை வீடு உங்கள் கணக்கில் இல்லை, ஏன்?" என்று கேட்கலாம். கையில் தாள் இல்லாதவன் கேள்வி காற்றோடு போகும்.

2021இன் அலை முதல் அலை போல் இருக்கவில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் லயத்தையே மூடினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் எப்படித் தள்ளியிருப்பது? மூடிய நாட்களுக்குப் பெயர் விழவில்லை. ஆயிரம் ரூபா வந்தபிறகு கிலோவைக் கூட்டிவிட்டார்கள், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அந்த வீட்டுக்குத் தேவை வெறும் அரிசி மட்டுமல்ல. பால் மா, சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் மருந்து, பெண் பிள்ளைகளுக்கு நெப்கின், விறகு. பொதி கட்டும் முன் கேட்டால்தான் இது தெரியும்.

ஆகவே நாங்கள் சொல்வது இவ்வளவுதான்:

1. குழுமத்தைக் கலைக்க வேண்டாம். மிச்சக் காசை அவசரமாகப் பிரிக்கவும் வேண்டாம். அடுத்த மூடிய லயம் எது என்று தெரியாது.

2. டிவிஷனுக்கு இரண்டு பேர், டவுனில் தெருவுக்கு இரண்டு பேர். இருவரில் ஒருவர் பெண். அவர்கள் எழுதுவதுதான் பட்டியல். அது இரண்டு பேரிடம் மட்டும் இருக்கும், வட்ஸ்அப்பில் வராது.

3. எல்லா அமைப்புகளும் கொடுக்கும் முன் அந்த இரண்டு பேரிடம் ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரே வீட்டுக்கு நாலு லொறி போகாது.

4. பொதி வீட்டுக்குப் போகும். வரிசை இல்லை, பதாகை இல்லை, படம் இல்லை.

5. மாதம் ஒரு தடவை கணக்குத் தாள்.

வீட்டு நிலவரம் எழுத ஆசிரியர்கள் நாங்கள் முன்வருகிறோம். சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலையிலிருந்து ஒன்லைன் கற்பித்தலை விட்டு விலகி நின்றோம் என்று எங்களைத் திட்டுகிறவர்கள் ஊரில் உண்டு. திட்டட்டும். அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது என்பது வகுப்பில் நிற்கும் எங்களுக்குத் தெரியும். அந்த அறிவை வீட்டில் பூட்டி வைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஞாயிறு இரவு இஷாவுக்குப் பிறகு குழுமத்தில் பேசுவோம். விரல் உயர்த்திய பதினேழு பேரும் கட்டாயம் வாருங்கள். கலைப்பது என்றால் காரணம் சொல்லிக் கலைப்போம். தொடர்வது என்றால், முதல் வேலையாக அந்தத் தாயின் வீட்டுக்கு நாங்கள் போகிறோம். பொதியோடு அல்ல. மன்னிப்புக் கேட்கவும், அந்த டிவிஷனின் பட்டியலை அவரே எழுதித் தருவாரா என்று கேட்கவும்.

அல்லாஹ் நம் எல்லோரையும் பாதுகாப்பானாக. மாஸ்க் போடுங்கள், ஊசி போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த வீட்டு அடுப்பை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.