ஆராய்ச்சிக்கூடத்தின் கதவு யாருக்கு?

காசநோய் கண்டவன் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் கொண்டால்தான் பிழைப்பான் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். மூட்டை தூக்குகிறவன் அப்படிக் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா?

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் அதற்கு விடை கண்டது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வீட்டிலும் மறு பிரிவுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தும் ஏறக்குறைய அதேபோல் குணமாகலாம் என்ற முடிவு 1959இல் வெளிவந்தது, உலகம் ஏற்றுக்கொண்டது.

சென்னை ஏழைகளின் உடம்பில் கண்ட உண்மை அது. அத்தகைய கூடத்துக்குள் என்ன வேலை நடக்கிறது என்பதை அந்த ஏழைகளின் பேரப்பிள்ளைகள் பார்த்ததுண்டா?

ஆராய்ச்சி என்றால் டாக்டர் பட்டம் மட்டும்தான் என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். கிருமி வளர்க்கக் கோழிமுட்டையை உடைத்துக் கலவை செய்கிறவர் அங்கே உண்டு. சளியில் கிருமி இல்லை என்று எழுதுமுன், மைக்ராஸ்கோப்பில் நூறு இடம் பார்க்கிறவர் உண்டு. கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம்வரை காத்திருந்து குறிக்கிறவர் உண்டு. குப்பி கழுவுகிறவரும் நோயாளியின் வீடு தேடிப் போகிறவரும் உண்டு. இவர்களில் ஒருவர் கை தவறினாலும் டாக்டரின் முடிவு தவறும்.

2017இல் மத்திய சர்க்காரின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு, தன் கூடங்களை மாணவர்களுக்குத் திறந்தபோது முதலில் சேர்த்துக்கொண்டது கேந்திரிய வித்யாலயாக்களை. நல்ல காரியம்தான். ஆனால் முதல் வரிசையில் நிற்கவேண்டியது பஞ்சாயத்து, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் அல்லவா?

கிருமி உள்ள இடத்தில் பிள்ளைகளா என்று கேட்பார்கள். வளர்ப்பறைக்குள் விடும்படி நாம் சொல்லவில்லை. அவர்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்கட்டும். கொன்று சாயமேற்றிய கிருமி, நீலத்தின் நடுவே சிவந்த கோலாகத் தெரியுமே, அதைக் காட்டட்டும்.

நாம் கேட்பது இதுதான்: பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்குமுன், ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு முழுநாள். வண்டிச்செலவு சர்க்காருடையது. விளக்கம் தமிழில். இயக்குநர் மட்டுமல்ல, லேப் டெக்னீஷியனும் பேசவேண்டும். என்ன படிப்பு, என்ன சம்பளம், வேலை நிரந்தரமா ஒப்பந்தமா, என்ன ஆபத்து என எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உள்ள தோழர்களே, இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நோயாளியாக மட்டுமே அந்த வாசலை மிதித்த நம் மக்கள், நாளை வேலைக்காரர்களாகவும் விஞ்ஞானிகளாகவும் நுழையட்டும்!